அமாவாசைச் சோறும் ஐந்தாவது முடிச்சும்

திருவண்ணாமலையில் மீன் விற்பதற்கு நாள் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். புரட்டாசி முழுக்கப் பாதி ஊர் மீனைத் தொடாது. கார்த்திகை பிறந்தால் தீபம். கூடவே சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள். அது மார்கழியைத் தாண்டித் தை வரைக்கும் இழுக்கும். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்து நிறையும்போது மீன் விற்கிறவர்களே தண்ணீர் பாட்டில் விற்கப் போய்விடுவார்கள். இரண்டு விரதங்களுக்கும் நடுவில் கிடைக்கிற சந்து ஐப்பசி மட்டும்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்து வேன் அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

‘எங்கள்’ என்று சொல்ல எனக்குப் பெரிய உரிமை இல்லை. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றபின் வாரத்தில் ஐந்து நாள் அங்கே போய்வருகிறேன். நூலக அலமாரியை ஒழுங்கு செய்வதும், குளத்துக்கான நோட்டை எழுதுவதும் என் வேலை. கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், நெல்லுக்கும், மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் நடுவே இருக்கிற சிறிய பள்ளி. நடக்க முடிகிற பிள்ளையும் முடியாத பிள்ளையும், கண் தெரிகிற பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். பள்ளிக்கு என்று கிடைத்த இடத்தில் பாதி, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். அதைத் தூர்ப்பதா, வேறு ஏதாவது செய்வதா என்று தலைமை ஆசிரியை ஒரு கோடை முழுக்க யோசித்துவிட்டுக் குளமாக்கினார். மாசியில் கட்லா, ரோகு, புல்கெண்டைக் குஞ்சுகளை விட்டால் ஐப்பசியில் பிடிக்கலாம். பிடித்து விற்று வருவது வேனுக்கு என்று ஏற்பாடு.

குளத்தைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒருவர். பிள்ளைகள் அவரைக் ‘குளத்தக்கா’ என்பார்கள். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து, ஓட்டை போட்ட பைகளில் கட்டி, மூங்கில் கழிகளில் தண்ணீருக்குள் தொங்கவிடுவார். மீன்கள் ஓட்டை வழியாகக் கடித்துத் தின்னும். மாலையில் பையை எடுத்துப் பார்த்து, மிச்சமிருந்தால் மறுநாள் குறைத்துக் கட்டுவார். அவருக்கு எழுத வராது; அதனால்தான் நோட்டு என்னிடம் வந்தது.

நோட்டில் எழுத வேண்டிய முக்கியமான எண்ணை எடுத்துத் தருகிறவள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் கல்லைக் கட்டி, கயிற்றில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். தட்டைத் தண்ணீரில் இறக்க வேண்டும். அது எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அன்றைய எண். ஐந்தாவது முடிச்சில் மறைந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஆறு, ஏழு என்று போனால் தண்ணீரில் மீன் தின்கிற பாசி போதாது. மூன்றுக்கு வந்தால் தண்ணீர் கெடுகிறது. கரையிலிருந்து நீர்மட்டம் வரை கைப்பிடியோடு ஒரு சரிவுப் பாதை போட்டிருந்ததால், அவள் தன் சக்கர நாற்காலியை அதில் இறக்கி நிறுத்திக்கொண்டு, தினமும் காலை இடைவேளையில் தட்டை விடுவாள். வகுப்பில் அவளுக்குத் ‘தட்டுக்காரி’ என்று பெயர். அவளே வைத்துக்கொண்ட பெயர்தான்.

கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அவள் வருகிறாள். வேன் வருவதற்கு முன் மூன்று வருடம் வீட்டிலேயே இருந்தவள். பஸ்ஸில் நாற்காலியை ஏற்ற முடியாது. அப்பா தூக்கிக்கொண்டு வரலாம், ஆனால் அவருக்கு மாடும் கொல்லையும் இருக்கின்றன. வேன்காரர் பின்பக்க இருக்கையைக் கழற்றிவிட்டு ஒரு பலகை செய்து வைத்திருந்தார். பலகையைச் சாய்த்தால் நாற்காலி அப்படியே ஏறும். அந்த வேன்காரர்தான் ஆவணிக் கடைசியில் தலைமை ஆசிரியையிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வண்டி கேக்குறாங்க. வெளிநாட்டுக்காரங்க வர்ற சீசன். ஐப்பசி முடியிற வரைக்கும் பாக்குறேன். உங்களால வச்சுக்க முடிஞ்சா நான் ஏன் போறேன்?”

“ஐப்பசில மீன் புடிச்சுடுவோம்” என்றார் தலைமை ஆசிரியை.

“மீனு புடிச்சாச்சுன்னா நானும் புடிச்சாப்லதான்” என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

அவர்கள் பேசியபோது தட்டுக்காரி ஜன்னல் பக்கம் இருந்தாள். மதியம் என்னிடம் கேட்டாள்: “சார், மீனுங்களுக்கு இது தெரியுமா?”

“எது?”

“அதுங்க வளந்தாதான் நான் ஒம்பதாவது போவேன்னு.”

அந்த வருடம் மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. குளத்தக்காவின் அம்மாவுக்குத் திங்களன்று கண் ஆபரேஷன். சனிக்கிழமை மாலை அவர் என்னிடம் பைகளையும் புண்ணாக்கு மூட்டையையும் காட்டிவிட்டு, “நாலே நாளு சார். பைய மட்டும் பாத்துக் கட்டுங்க. வேற ஒண்ணும் நோண்டாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிறு விடியற்காலை ஐயங்குளத்தங்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். பைகளைக் கட்டி முடித்தபோது ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் வந்து வேலியோரம் நின்றது. கையில் பொரிப் பொட்டலம். அமாவாசையில் மீனுக்கு இரை போட்டால் முன்னோருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஊருக்குள் தீர்த்தக்குளங்களில் அன்றைக்கு இடிபடும் கூட்டம். சாலையிலிருந்து பார்த்தால் எங்கள் குளம் தெரியும், மீன் துள்ளுவதும் தெரியும்.

“சார், கொஞ்சம் போட்டுக்கலாமா?”

எனக்கும் அப்பா நினைவு. கதவைத் திறந்துவிட்டேன். அவர்கள் போய் இரண்டு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்து மணிக்குள் வேலியோரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பொரி, கடலை, பிஸ்கட். கட்லாக்கள் தலையைத் தூக்கி வாங்குவதைப் பார்த்து ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மதியம் ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஊருக்குள் அன்னதானம் முடித்து வந்தவர்கள். பின்னால் இரண்டு அண்டா.

“சாம்பார் சாதமும் எலுமிச்சை சாதமும் மிஞ்சிப் போச்சு சார். குப்பைல கொட்ட மனசு வரல. வாயில்லா ஜீவன் சாப்புட்டா நமக்குப் புண்ணியம்தானே?”

சோற்றைக் குப்பையில் போடச் சொல்ல எந்த ஊர்க்காரனுக்கு வாய் வரும்? இந்த ஊர்க்காரனுக்கு நிச்சயமாக வராது. “போடுங்க” என்றேன். இரண்டு அண்டாவும் கவிழ்ந்தன. அவர்கள் அண்டாவைக் குளத்திலேயே அலசி எடுத்துப் போனார்கள். அன்றைய நோட்டில் நான் எழுதியது இது: ‘மகாளய அமாவாசை. இன்று மீன்களுக்கும் அன்னதானம். ஆவலுடன் உண்டன.’

திங்கட்கிழமை வானம் மூடிக்கொண்டது. இடைவேளையில் தட்டுக்காரி தட்டை இறக்கிவிட்டு, “மூணு” என்றாள்.

“நல்லா பாரும்மா. போன வெள்ளிக்கிழம அஞ்சு.”

“மூணுதான் சார்.”

“மேகமா இருக்குது. வெளிச்சம் கம்மி. அதனால சீக்கிரம் மறையிறாப்ல தெரியும்.”

“அப்ப மூணுன்னுதானே எழுதணும்?”

நான் நான்கு என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள். ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில் நான்கு நியாயமாகப் பட்டது. மாதக்கணக்கில் நேராக வந்துகொண்டிருந்த வரிசை ஒரே நாளில் இரண்டு படி விழுவதை என் கை ஒப்புக்கொள்ளவில்லை. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் தங்களுக்குப் புரியாத சொல்லைத் திருத்திவிட்டுப் போன கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். படித்து, முன்பின் தெரியாத அந்த மனிதர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை “மூணுக்கும் கம்மி” என்றாள். ‘நேற்றைப் போலவே’ என்று எழுதினேன். மாலையில் பைகளை எடுத்தால் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. விருந்து சாப்பிட்ட வயிறு, பசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமையும் வழக்கமான அளவே கட்டினேன். புதன் பகலெல்லாம் தூறல். தட்டு விடவில்லை.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் போன் வந்தது. முந்தின இரவு கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பியிருந்த குளத்தக்கா, எழுந்ததும் குளத்துக்கு வந்திருக்கிறார்.

“சார், இன்னா பண்ணீங்க சார்? எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துனு நிக்குது!”

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பிளாஸ்டிக் பேசினால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். குளம் முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். மாசியில் விரல் நீளம் இருந்தவை. இப்போது ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஓடவில்லை, பயப்படவில்லை, காற்றை மட்டும் கடித்துக்கொண்டிருந்தன. அழுகின வாடை. கரையோரம் சில வெள்ளை வயிறுகள்.

“தண்ணில மூச்சுக்காத்து இல்ல. ஏதோ அழுகியிருக்குது. இன்னா போட்டீங்க?”

“அமாவாசைக்கு... சோறு. ரெண்டு அண்டா.”

பேசினைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். “உங்க அப்பாருக்குப் போய்ச் சேந்துருக்கும் சார். எம் மீனுக்குத்தான் மூச்சுப் போய்ச் சேரல” என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரை மொள்ள ஆரம்பித்தார்.

போர் மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆனால் மும்முனைக் கரண்ட் ஒன்பது மணிக்குத்தான் வரும். அதுவரை மீன் தாங்காது. பக்கத்து நிலத்துக்காரரிடம் சக்கரம் வைத்த டீசல் இன்ஜின் இருந்தது. அவர் புரட்டாசியில் நெற்றி நிறைய நாமம் போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் மீன் எதற்கு என்று ஒருமுறை தலைமை ஆசிரியையிடம் சண்டைக்கே வந்தவர். வேறு வழியில்லாமல் வரப்பில் ஓடினேன். வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“மீனா? புரட்டாசி மாசத்துல காலங்காத்தால என்கிட்ட வந்து மீனுங்கறீங்களே சார்!”

“செத்துனு இருக்குதுங்க.”

கையைத் துடைத்துக்கொண்டார். “உசுரோட இருக்குதா இன்னும்?”

“இருக்குது.”

“அப்ப அது மீனு இல்ல, உசுரு. வாங்க, தள்ளுங்க.”

இரண்டு பேரும் இன்ஜினைத் தள்ளிக்கொண்டு வந்தோம். வழியில் அவர் பேச்சை நிறுத்தவில்லை. இப்போது காப்பாற்றுவது பெருமாள் கணக்கு, ஐப்பசியில் வந்து இரண்டு கிலோ வாங்கிப்போவது வீட்டுக்காரி கணக்கு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார். குழாயின் ஒரு முனையைக் குளத்தில் போட்டு, மறுமுனையை மூங்கில் கழிகளின்மேல் தூக்கிக் கட்டினோம். இன்ஜின் பிடித்ததும் குளத்துத் தண்ணீரே மேலே ஏறிச் சிதறி, காற்றை வாரிக்கொண்டு மறுபடி குளத்தில் விழுந்தது.

ஒரு மூலைக்குத்தான் அது போதும். வேன் வந்து சேர்ந்தபோது தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்று, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வரச் சொன்னார். பிள்ளைகளுக்கு அன்று முதல் பீரியட் தண்ணீரை அடிப்பதுதான். கரையைச் சுற்றிக் கட்டியிருந்த கைப்பிடிக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தட்டால், கையால், துடைப்பத்தால் அடித்தார்கள். வேன்காரர் பேன்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கெஸ்ட் ஹவுஸ் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் அதே நினைவுதான் என்பது அடித்த அடியில் தெரிந்தது.

தட்டுக்காரி தன் சரிவில் இறங்கி நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரி இறைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“மூணுன்னு சொன்னேன் சார்.”

“ஆமாம்மா.”

“நீங்க நாலுன்னு எழுதுனீங்க.”

“ஆமாம்.”

“சரி, அப்புறம் பேசிக்கலாம். இப்ப அடிங்க.”

அடித்தேன். சட்டை முழுக்க நனைந்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்து, போர்த் தண்ணீர் குளத்தில் விழுந்தது. சற்று நேரத்தில் மலைப் பக்கம் மேகம் கிழிந்து வெயில் வந்தது. அப்போதும் எனக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. எதிர்க்கரையில் இருந்த, கண் தெரியாத ஏழாம் வகுப்புப் பையன்தான் முதலில் கத்தினான்: “அக்கா, இங்க அந்த சப்பு சப்புன்னு சத்தம் கம்மியாயிடுச்சு!” அடிப்பதை நிறுத்திக் கவனித்தோம். உண்மைதான். ஒரு வாய் மூடி உள்ளே போனது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. பத்து மணிக்கு மேல், நடுக்குளத்தில் ஒரு பெரிய கட்லா வாலால் ஓர் அறை அறைந்துவிட்டு அடியில் இறங்கியது. குளத்தக்கா தண்ணீருக்குள்ளேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். “போய்டுச்சு, கீழ போய்டுச்சு” என்றார், யாரிடமும் இல்லாமல். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செத்தவை ஒரு கூடை. பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். பக்கத்து நிலத்துக்காரர் தூரத்திலிருந்து பார்த்து, “அவ்ளோதானா? பொழச்சீங்க” என்று சொல்லிவிட்டு இன்ஜினைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று மதியம் தலைமை ஆசிரியையிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி, சோற்றையும் சொன்னேன், நான்கையும் சொன்னேன். அவர் படித்துவிட்டு, “‘ஆவலுடன் உண்டன’வா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் நின்றிருக்காது.

ஒரு வாரம் பை கட்டவில்லை. குளத்தக்கா சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். தினமும் போர்த் தண்ணீர் விட்டு, அடித்தண்ணீரை வயல் வாய்க்காலில் வடித்தார். அந்த நாட்களில் தட்டுக்காரி சொன்ன எண்ணை நான் எதிர்க்கேள்வி இல்லாமல் எழுதினேன். எழுதியபின் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். மூன்று. மூன்று. மூன்றுக்கு மேல். நான்கு. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, பள்ளி இல்லாத நாள். அன்றும் அவளுடைய அப்பா அவளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இடைவேளை என்று ஒன்று இல்லாவிட்டாலும் அதே நேரத்துக்குத்தான் தட்டை விட்டாள்.

“அஞ்சு” என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். “நாலரைன்னு போடுவீங்களா?”

“ஐந்து” என்று எழுதிக் கீழே கோடிட்டேன்.

ஐப்பசி முதல் ஞாயிறு வலை போட்டோம். விடியும் முன்பே சாலையில் ஆட்கள் நின்றார்கள். ஒரு மாத விரதம் முடிந்த ஊரின் பசியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கரையில் தராசு வைத்து விற்றதுபோக மிச்சத்தை ஊர் வியாபாரி ஐஸ் பெட்டியோடு வந்து எடுத்துக்கொண்டார். பக்கத்து நிலத்துக்காரர் நாமம் இல்லாமல் வந்தார். கையில் பை. இரண்டு கிலோவுக்கு மேல் கேட்டார்.

“வீட்டுக்காரி கணக்குங்களா?” என்றேன்.

“இன்ஜின் கணக்கும் சேத்து” என்றார்.

வேன்காரர் வலை இழுக்க வந்திருந்தார். எல்லாம் முடிந்து தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டு வெளியே வந்தவர், போனை எடுத்து யாரிடமோ, “இல்லீங்க, வேற வண்டி பாத்துக்குங்க. எனக்கு ஸ்கூல் டிரிப் இருக்குது” என்று சொன்னதைக் குளத்தக்காவும் கேட்டார், நானும் கேட்டேன். குளத்தக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தார். ஈரக்கை.

இப்போது வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு மீன்கள். அமாவாசைக்கு வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு சின்ன டம்ளரில் பொரி அளந்து கொடுப்பார்கள். தலைக்கு ஒரு டம்ளர். பாட்டனுக்குத் தனியாக இன்னொன்று கேட்கிறவர்களிடம், “எல்லாரும் பங்கு போட்டுக்குவாங்க” என்று சொல்ல அவர்களுக்குத் தெரியும். அண்டாவோடு வந்தால் குளத்தக்காவைக் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு.

வலை போட்டதற்கு மறுநாள், திங்கட்கிழமை, வேன் வருமுன் நோட்டைப் பிரித்தேன். அமாவாசைக்கு மறுநாளின் நான்கை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் மூன்று என்று எழுதினேன். செவ்வாயின் ‘நேற்றைப் போலவே’யை அடித்து ‘மூன்றுக்கும் குறைவு’ என்று எழுதினேன். அழித்து எழுதவில்லை, தவறும் தெரியட்டும். ஓரத்தில் தட்டுக்காரி கையெழுத்துப் போட இடம் விட்டேன்.

வெளியே வேன் கதவு திறந்து, பலகை தரையில் டொப்பென்று விழுந்தது. நாற்காலி இறங்கும் சத்தம். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.